மெயில் வருகிறது, போகவில்லை: ஃபயர்வால் மாற்றியபின் மெயில் அனுப்பும் போர்ட்களான 587, 465 இரண்டிலும் சிக்கல்

பேரேடு:

வணக்கம். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 12 கணினிகள், எல்லாமே விண்டோஸ் 11. ஒன்பதில் தண்டர்பேர்ட், மூன்றில் அவுட்லுக். டொமைன் சொந்தம்; மெயில் சர்வர் வெளியே, பலரோடு பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில்; அதை நிர்வகிக்க சிபேனல். நெட் இணைப்பு ஃபைபர், பிபிபிஓஇ லாகின் (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நெட் சேவைக்குள் நுழையும் முறை). போன வாரம் புது ஃபயர்வால் பெட்டி வைத்தார்கள். பழைய ரவுட்டரை பிரிட்ஜ் மோடில், அதாவது இணைப்பை அப்படியே கடத்திவிடும்படி, போட்டுவிட்டார்கள். பிபிபிஓஇ லாகின் இப்போது ஃபயர்வாலிலேயே. அன்றைக்கே எல்லா மெயில் பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம்.

அன்றிலிருந்து இதுதான் நிலைமை. மெயில் பெறும் போர்ட்டான 993-இல் மெயில் வருகிறது, குறையில்லை. அனுப்புவதுதான் தகராறு. 587 + ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிய இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் வசதி) வைத்தால் ‘சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் வசதியை அறிவிக்கவில்லை’ என்று தண்டர்பேர்ட் சொல்கிறது. 465-க்கு மாற்றினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டைம்-அவுட். ஒரு கணினியின் லாகில் 10060 என்ற எண் இருந்தது. இது போக, தினமும் மதியம் 12.30 வாக்கில் எல்லாக் கணினியிலும் மெயில் மொத்தமாக நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவில் பார்த்தால் அதே கணக்கு வேலை செய்கிறது.

இன்னொன்று: ஒரு கணினியில் இரண்டு மெயில் பிரிட்ஜ் மென்பொருள்கள் (மெயில் சேவைக்கும் தண்டர்பேர்டுக்கும் நடுவில் நிற்பவை) இருக்கின்றன. இரண்டில் ஒன்று எப்போதும் கிளம்ப மறுக்கிறது.

செய்து பார்த்தவை: விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தேன், மாற்றமில்லை. புதுப் பெட்டியில் 587-க்கு இன்பவுண்டு போர்ட் ஃபார்வர்டு போட்டேன், மாற்றமில்லை. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு; அதற்குள் அனுப்பும் பக்கமாவது சரியாக வேண்டும்.

வலைப்பின்னல்:

முதலில் அந்த போர்ட் ஃபார்வர்டை இப்போதே எடுத்துவிடுங்கள். மெயில் அனுப்பும்போது இணைப்பு உள்ளேயிருந்து வெளியே போகிறது. 587 என்பது எதிர்முனையில், சர்வரின் எண். உங்கள் கணினி தன் பக்கத்துக்கு 49152 முதல் 65535 வரை ஏதோ ஓர் எண்ணை அப்போதைக்கு எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே 587-ஐத் திறந்ததால் அனுப்புவதற்கு ஒரு பயனும் இல்லை; வெளியாட்களுக்குக் கதவைத் திறந்து வைத்ததுதான் மிச்சம். விண்டோஸ் ஃபயர்வாலையும் திரும்பப் போடுங்கள். இயல்பான அமைப்பில் அது வெளியே போகும் இணைப்பைத் தடுப்பதில்லை. அதனால்தான் அணைத்தும் ஒன்றும் மாறவில்லை.

அடுத்து, பிழை எண்ணைப் படியுங்கள். யார் தடுக்கிறார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். 10060 என்றால் கணினி தட்டியது, எதிரில் சத்தமே இல்லை. வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள். 10061 என்றால் ‘முடியாது’ என்று பதிலே வந்துவிட்டது: அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை, அல்லது ஃபயர்வால் மறுப்பை வெளிப்படையாகச் சொல்கிறது. 10054 என்றால் இணைந்தபின் நடுவில் அறுத்தார்கள். 10013 வந்தால் வெளியே தேட வேண்டாம், தடுப்பது அதே கணினிக்குள் இருக்கிறது.

465-க்கு உங்களுக்கு வந்தது 10060. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை சர்வர் பெயரோடும் போர்ட் 465-ஓடும் ஓட்டுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ வரும். அதே கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அலுவலக நெட்டில் ஃபால்ஸ், ஹாட்ஸ்பாட்டில் ட்ரூ என்றால் பெரும்பாலும் புதுப் பெட்டிதான். அதன் அவுட்பவுண்டு விதியில் ‘மெயில்’ என்று ஒரு சர்வீஸ் தொகுப்பு இருந்தால், பெயரை நம்பாமல் திறந்து உள்ளே என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 465-க்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களின் கடைசியில் ஒதுக்கி, சீக்கிரமே திரும்ப வாங்கிக்கொண்ட எண் அது. 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம்தான் மெயில் சமர்ப்பிக்க முறையாகத் திருப்பிக் கொடுத்தது. பழைய பட்டியலை வைத்து விதி எழுதுகிறவர்கள் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இனி 587. இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான இடம். போர்ட் திறந்திருக்கிறது, சர்வரும் பேசுகிறது, ஆனால் ஸ்டார்ட்டிஎல்எஸ் இல்லை என்கிறது. நல்ல நிலையில் உள்ள ஹோஸ்டிங் சர்வர் அப்படிச் சொல்லாது. நடுவில் யாரோ அந்த வரியை அழிக்கிறார்கள். கண்ணாலேயே பார்த்துவிடலாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டெல்நெட் கிளையன்டை இயக்கி, சர்வருக்கு 587-இல் இணையுங்கள். 220 என்று தொடங்கி, சர்வரின் பெயரோடு ஒரு வரி வர வேண்டும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 220-க்குப் பிறகு நட்சத்திரக் குறிகளாக வரிசையாக நின்றால் பிடித்துவிட்டீர்கள். பிறகு சர்வருக்கு வணக்கம் சொல்லும் கட்டளையான இஹெச்எல்ஓ என்று அடித்து, ஓர் இடம் விட்டு ஏதாவது ஒரு பெயர் கொடுங்கள். 250 என்று தொடங்கும் வரிகள் வரும். ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று இருக்க வேண்டிய வரியில் எக்ஸ் எழுத்துகளாக அடுக்கியிருக்கும்.

இது, மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் நடக்கும் பேச்சை ஃபயர்வால் உள்ளே பார்க்கும் எஸ்எம்டிபி இன்ஸ்பெக்‌ஷனின் வேலை. தனக்குப் புரியாத அல்லது அனுமதிக்காத சொல்லை, நீளம் மாறாமல் வேறு எழுத்தால் மூடிவிடும். சிஸ்கோவின் பழைய பிக்ஸ் ஃபயர்வால் காலத்தில் ‘ஃபிக்ஸ்அப்’ என்று இதற்குப் பெயர். பிறகு வந்த ஏஎஸ்ஏ-வில் ‘இஎஸ்எம்டிபி இன்ஸ்பெக்ட்’. மற்ற பெட்டிகளிலும் இதே வேலையைச் செய்யும் புரொஃபைல் வேறு பெயரில் இருக்கும். மறையாக்கம் தொடங்கிவிட்டால் உள்ளே பார்க்க முடியாதே என்பதற்காக, தொடங்கவிடாமலே செய்கிறது. உங்கள் பெட்டியில் 587 போகும் விதியைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கும் எஸ்எம்டிபி இன்ஸ்பெக்‌ஷன் அல்லது ‘இமெயில் ஃபில்டர்’ புரொஃபைலைக் கழற்றுங்கள். விதியைச் சேமித்ததும், நடப்பிலுள்ள செஷன்களை அழித்துவிட்டுச் சோதியுங்கள். பழைய செஷன் பழைய விதியிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கெடு நெருங்குகிறதே என்று தண்டர்பேர்டில் பாதுகாப்பை ‘இல்லை’ என்று வைத்து அனுப்ப வேண்டாம். மெயில் போகலாம், கூடவே பாஸ்வேர்டும் வழியெங்கும் திறந்த தபால் அட்டையாகப் போகும். அதுவும் வாடிக்கையாளர்களின் வருமானக் கணக்கு இருக்கும் அலுவலகத்தில்.

இன்னொரு சிறு குறிப்பு. 465-ஐ டெல்நெட்டில் சோதித்தால் திரை காலியாக நிற்கும். அது சரிதான், அங்கே முதலில் பேச வேண்டியது உங்கள் பக்கம். இதனால்தான் 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தால் கிளையன்ட் 220-க்குக் காத்திருக்க, சர்வர் டிஎல்எஸ் கைகுலுக்கலுக்குக் காத்திருக்க, இருவரும் பேசாமலே டைம்-அவுட் ஆகும். 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். ஜோடி மாறக் கூடாது. பழைய அவுட்லுக்கில் வெறும் ‘டிஎல்எஸ்’ என்று இருப்பது ஸ்டார்ட்டிஎல்எஸ்தான்.

கம்பித்தடம்:

அவசரம் என்றால் அந்த 12 கணினிகளுக்கும் ‘எனி டு எனி’ (எங்கேயும் எதுவும் போகலாம்) அனுமதி ஒன்றை மேலே போட்டு வேலையை முடியுங்கள். கெடு முடிந்தபின் நிதானமாகச் சரிசெய்யலாம்.

வலைப்பின்னல்:

@கம்பித்தடம் அதில் இரண்டு கேடு. அந்த விதியிலும் அதே இன்ஸ்பெக்‌ஷன் புரொஃபைல் ஒட்டியிருந்தால் 587 அப்படியேதான் இருக்கும். இரண்டாவது, வெளியே போகும் 25 திறந்துவிடும். ஒரே ஒரு கணினியில் வைரஸ் இருந்து அது 25 வழியாக ஸ்பாம் அனுப்பத் தொடங்கினால் போதும், அலுவலகத்தின் வெளி ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிடும். அதிலிருந்து மீள்வதற்குள் கெடு தாண்டிவிடும். மெயில் கிளையன்டுக்கு 25 தேவையே இல்லை. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான போர்ட். 465, 587, 993 மூன்றை மட்டும், முடிந்தால் அந்த மெயில் சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

இரவுக்காவல்:

மதியம் நிற்கும் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். உங்கள் ஃபயர்வால் இதில் நிரபராதி. தடுப்பது ஹோஸ்டிங் சர்வரின் ஃபயர்வால்.

12 கணினியும் கைபேசிகளும் வெளியே போகும்போது ஒரே ஐபி. ஏதோ ஒரு கருவி தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முட்டினால், சர்வரில் இருக்கும் ஃபெயில்2பேன் அல்லது சிஎஸ்எஃப் என்ற காவல் மென்பொருள் அந்த ஐபியையே தடுத்துவிடும். ஒருவர் செய்த தவறுக்கு 12 பேரும் வெளியே. ஃபெயில்2பேனின் இயல்பான கணக்கு: 10 நிமிடத்துக்குள் 5 தவறு, தண்டனை 10 நிமிடம். ஹோஸ்டிங் நடத்துபவர்கள் தண்டனை நேரத்தைக் கூட்டி வைப்பதுண்டு, ஒரு மணி நேரம் என்பது பொருந்துகிறது. மொபைல் டேட்டாவில் வேலை செய்வதும் பொருந்துகிறது, அது வேறு ஐபி.

இப்போது உங்கள் கேள்வியின் ஒரு வரி: “எல்லா மெயில் பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம்.” பழைய பாஸ்வேர்டோடு ஒரு கருவி மிச்சம் இருக்கிறது. 12.30-க்கு அலுவலக வைஃபைக்குள் என்ன வருகிறது என்று தேடுங்கள்: யாராவது சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்க்கும் டேப்லெட், வெளி வேலைக்குப் போய்த் திரும்புகிறவரின் கைபேசி, மெயிலுக்கு ஸ்கேன் அனுப்பும் மெஷின். ஃபயர்வாலிலேயே 12.15 முதல் 12.45 வரை அந்த சர்வருக்கு 993-இல் போன இணைப்புகளை எடுத்து, உள் ஐபி வாரியாக எண்ணுங்கள். ஒழுங்காக லாகின் ஆன கிளையன்ட் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருக்கும். தவறான பாஸ்வேர்டு கருவி ஓரிரு விநாடியில் முடியும் இணைப்புகளாகக் கொட்டியிருக்கும்.

கூடவே ஹோஸ்டிங் ஆதரவுக்கு எழுதுங்கள். ‘மெயில் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் செட்டிங்ஸ் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புவார்கள். ‘எங்கள் வெளி ஐபி இது, இன்ன தேதி, இன்ன மணிக்குத் தடுக்கப்பட்டது, எந்த மெயில் ஐடியின் தவறான லாகினால் என்று லாகில் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். ஒரே வரியில் விடை வந்துவிடும்.

ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சரியானால் ஏமாற வேண்டாம். பிபிபிஓஇ-யில் திரும்ப லாகின் ஆகும்போது வெளி ஐபி மாறியிருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கருவி அடுத்த ஐபியையும் தடுக்க வைக்கும்.

அப்புறம், ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வருவதையும் 10060-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிபேனலில் லாகின் காவலான சிபிஹல்க் தடுத்தால் போர்ட் திறந்தே இருக்கும், லாகின் மட்டும் தோற்கும். ஐபியை ஃபயர்வால் தடுத்தால்தான் சத்தமே இல்லாமல் போகும்.

பொதுவான ஐடி ஒன்றை எல்லாக் கணினியிலும் வைத்திருந்தால் இன்னொரு பொறியும் இருக்கிறது. தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு 5 இணைப்புகள் வரை பிடித்துவைக்கும். 9 கணினி என்றால் 45. டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒரு பயனர், ஒரு ஐபிக்கு இயல்பான உச்சம் 10. அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் 5-ஐ 1 அல்லது 2 ஆக்குங்கள். ஹோஸ்டிங்காரர் உச்சத்தை உயர்த்தியிருந்தாலும் இதைச் செய்வது நல்லது.

தென்றல்_நெட்:

பிரிட்ஜ் கேள்விக்கு மட்டும்.

இவை கணினிக்குள்ளேயே ஒரு குட்டி மெயில் சர்வரை ஓட்டுகின்றன. தண்டர்பேர்ட் 127.0.0.1 என்ற முகவரியில் அதோடு பேசும். புரோட்டான் மெயில் பிரிட்ஜ், டேவ்மெயில் இரண்டுக்குமே, மெயில் பெறும் நெறிமுறையான ஐமேப்புக்கு இயல்பான எண் 1143, எஸ்எம்டிபிக்கு 1025. சோதனைக்காக மெயில்பிட், மெயில்ஹாக் வைத்திருப்பவர்களுக்கும் அதே 1025. முதலில் கிளம்பியது எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது நின்றுவிடும், அல்லது பக்கத்து எண்ணுக்கு நகரும். நகர்ந்தால் இன்னும் மோசம்: தண்டர்பேர்ட் பழைய எண்ணையே தட்டி, தவறான பிரிட்ஜிடம் போய், ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற பதிலோடு திரும்பும். ஆட்கள் மணிக்கணக்கில் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் தாவலில் ‘லிசனிங் போர்ட்ஸ்’ பகுதியில் 1143-ஐத் தேடுங்கள். யார் வைத்திருக்கிறார்கள் என்று மென்பொருளின் பெயரோடு காட்டும். ஒன்றை 2143, 2025 என்று நிரந்தரமாக மாற்றிவிட்டு, தண்டர்பேர்டிலும் அதே எண்களைப் போடுங்கள்.

அந்தப் பட்டியலில் யாருமே 1143-ஐ வைத்திருக்கவில்லை, ஆனாலும் 10013 வருகிறது என்றால் ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல் அல்லது டாக்கர் (கணினிக்குள் வேறு கணினிச் சூழலை ஓட்டுபவை) இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் அவற்றுக்காகச் சில போர்ட் வரிசைகளைத் தனியே ஒதுக்கி வைக்கும். நெட்எஸ்ஹெச் கட்டளையில் ‘எக்ஸ்க்ளூடட் போர்ட் ரேஞ்ச்’ பட்டியலை எடுத்தால் தெரியும். கணினி அப்போதைக்கு எடுத்துக்கொள்ளும் எண்களின் டைனமிக் வரிசை 49152-இல் தொடங்காமல் 1024-இல் தொடங்கும்படி மாறியிருந்தால், ஒதுக்கீடு வந்து 1025, 1143 மேலேயே விழும். அதே நெட்எஸ்ஹெச்சால் டிசிபி டைனமிக் வரிசையின் தொடக்கத்தை 49152, எண்ணிக்கையை 16384 என்று திருப்பி வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பேரேடு:

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

டெல்நெட்டில் 220-க்குப் பின் நட்சத்திரங்கள்தான். பெட்டியில் ‘ஸ்மார்ட் மெயில் ப்ரொடெக்‌ஷன்’ என்று ஒரு புரொஃபைல் 587-இல் ஒட்டியிருந்தது. கழற்றியதும் ஸ்டார்ட்டிஎல்எஸ் வந்துவிட்டது. ‘மெயில்’ தொகுப்பில் 465 இல்லை. சேர்த்தேன், ட்ரூ வருகிறது. போர்ட் ஃபார்வர்டை எடுத்தாயிற்று. பிரிட்ஜ் இரண்டும் 1143-இல் மோதியது உண்மை. எண் மாற்றியதும் இரண்டும் ஓடுகின்றன.

ஆனால் புதுத் தலைவலி ஒன்று. ஒரு வரி மெயில் போகிறது. அட்டாச்மென்ட் வைத்தால் ‘அனுப்புகிறது’ என்ற பட்டை அப்படியே நிற்கிறது. சில சமயம் இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் போய்விடுகிறது, சில சமயம் 10060. 587, 465 இரண்டிலும் இதே கதை. 200 கேபி பிடிஎஃப்-கூடப் போகவில்லை. அளவு வரம்பு எதையும் பெட்டியில் வைக்கவில்லை.

வலைப்பின்னல்:

200 கேபி வரை போக வேண்டாம். கையெழுத்துப் பகுதியில் 2 கேபி லோகோ இருந்தாலே நிற்கும், சோதித்துப் பாருங்கள். வெப்மெயிலில் கோப்பு ஏற்றினாலும் தடுமாறும். இது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றிய சிக்கல்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும். உங்கள் பழைய ரவுட்டர், தலைப்பு போக ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் அளவான எம்எஸ்எஸ்ஸைத் தானே குறைத்துக் கொடுத்திருக்கும். லாகின் புதுப் பெட்டிக்கு மாறியதும் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. கணினி முழு 1500 பைட் பாக்கெட்டை அனுப்புகிறது. ‘பெரிதாக இருக்கிறது, சுருக்கு’ என்று ஐசிஎம்பி (வலையமைப்பின் பிழை அறிவிப்பு முறை) செய்தி திரும்பி வர வேண்டும். ‘பாதுகாப்புக்காக’ ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அந்தச் செய்தியும் சாகும். கணினி அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கைகுலுக்கல், லாகின், ஒரு வரி மெயில் எல்லாம் சின்ன பாக்கெட்டில் அடங்குவதால் தப்பிக்கின்றன. சில நிமிடம் கழித்துப் போவது, விண்டோஸ் சலித்துப்போய்த் தானாக அளவைக் குறைத்துப் பார்ப்பதால்.

சோதனை: கமாண்டு பிராம்ப்டில் பிங் கட்டளையை, துண்டாக்காதே என்ற -எஃப் குறியோடும் அளவுக்கான -எல் குறியோடும் ஓட்டுங்கள். அளவு 1464 கொடுத்தால் பதில் வர வேண்டும். 28 பைட் தலைப்பு சேர்ந்து அது 1492. பிறகு 1472 கொடுங்கள், அது 1500. ‘துண்டாக்க வேண்டும்’ என்ற செய்தி வந்தால் ஐசிஎம்பி உயிரோடு இருக்கிறது. வெறும் டைம்-அவுட் என்றால் நான் சொன்னதுதான். பிங்கையே அடைத்திருந்தால் 1464-க்கும் பதில் வராது. சோதனை முடியும்வரை அதைத் திறந்து வையுங்கள்.

சரிசெய்ய: ஃபயர்வாலின் வெளிப்பக்க இணைப்பான வேன் இன்டர்ஃபேஸில் எம்டியூ 1492, எம்எஸ்எஸ்ஸை மட்டுப்படுத்தும் கிளாம்ப் 1452. ஐபி, டிசிபி தலைப்புகள் சேர்ந்து 40 பைட். அதைக் கழித்தால் வருவது 1452. ஐபிவி6-உம் ஓடினால் அதன் தலைப்பு பெரிது, அங்கே 1432. ஐசிஎம்பியில் ‘துண்டாக்க வேண்டும்’ செய்தியான டைப் 3, கோட் 4 இரண்டு திசையிலும் போக அனுமதியுங்கள். ஒவ்வொரு கணினியிலும் எம்டியூவை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். பெட்டியில் ஒரே இடத்தில் செய்தால் போதும்.

பேரேடு:

1464-க்குப் பதில் வந்தது, 1472-க்கு டைம்-அவுட். கிளாம்ப் 1452 போட்டேன். 8 எம்பி பிடிஎஃப் நிற்காமல் போனது.

ஹோஸ்டிங்காரரின் பதிலும் வந்துவிட்டது: வரவேற்பறை மெயில் ஐடி, ஐமேப், தவறான பாஸ்வேர்டு. அங்கே மேசை இழுப்பறையில் ஒரு பழைய டேப்லெட் இருந்திருக்கிறது. மதியம் சார்ஜில் போட்டு ஆன் செய்கிறார்கள். அதில் கணக்கை நீக்கிவிட்டேன். இன்று 12.30 தாண்டியும் மெயில் நிற்கவில்லை.

இரவுக்காவல்:

நல்லது. நாளையும் 12.30-க்கு லாகைப் பாருங்கள். அந்த ஐடி இன்னொரு கைபேசியிலும் இருந்தால் இன்றைக்கு அது வைஃபைக்கு வராமல் இருந்திருக்கலாம். தண்டர்பேர்டில் அந்த 5-ஐயும் 2 ஆக்கிவிட்டீர்களா?